தள்ளாத அண்ணாச்சி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சிட்டையும் ரேஷன் கடைக் கையெழுத்தும்தான். போதாததற்கு மறதி வேறு. முன்னால் நடந்தது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். தென்காசிச் சீமையிலேயே “தள்ளு” என்ற சொல்லை வாயால் சொல்லாமல், அடுத்தவர் சொல்லவும் விடாமல் பதினோரு வருஷம் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் தள்ளாத அண்ணாச்சிதான்.

பெயரைக் கேட்டதும் தள்ளாத வயசுக்காரர், கம்பு ஊன்றி நடப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். தள்ளாத அண்ணாச்சியைக் கூப்பிடு என்று முதலாளி சத்தம் கொடுத்தால், பாவம் வயசானவரைப் போய் வேலை வாங்குகிறீர்களே என்று அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். உள்ளேயிருந்து தேக்கு உத்திரம் மாதிரி ஒருவர், ஆள் உயரப் பலகையை ஒற்றைக் கையில் இடுக்கிக்கொண்டு நடந்து வருவார்.

பட்டறை இருப்பது தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு பஸ் நிறுத்தத்துக்கு நேர் பின்னால். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார்கள். நடுவில் ஒரு இரும்பு மேஜை. மேஜையில் ஒரு கீறல். அந்தக் கீறல் வழியாக வட்ட ரம்பம் தலையை நீட்டிச் சுற்றும். பலகையைப் படுக்கப் போட்டு இந்தப் பக்கமிருந்து கொடுத்தால், நெடுக்க இரண்டாக அறுபட்டு அந்தப் பக்கம் வரும். கொடுப்பவர் அண்ணாச்சி. அந்தப் பக்கம் நின்று வாங்குவது நான். வாங்கி அடுக்க வேண்டும், மரத்தூளைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மெஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது என்பதால் அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவரை நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை ஆச்சி என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆதார் அட்டையை இரண்டு பேருமே காட்டவில்லை.

நான் வேலைக்குப் போன முதல் நாளே அந்தச் சொல்லின் கதையைச் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் அவர் செங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தாராம். அங்கேயும் இதே மாதிரி மேஜை, இதே மாதிரி ரம்பம். பாதி அறுப்பில் பலகை துள்ளப் பார்த்திருக்கிறது. எதிரே நின்ற ஆள் அதைப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போ என்கிற அர்த்தத்தில் “தள்ளு, தள்ளு” என்று கத்தியிருக்கிறார். அண்ணாச்சி அதைப் பலகையைத் தள்ளு என்று எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியிருக்கிறார். பலகை போன வேகத்தில் திரும்பி வந்து வயிற்றில் ஒரு இடி. இடுப்பில் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டால் உயிர் தப்பியது. மூன்று நாள் சிரிக்க முடியவில்லை, தும்மல் வந்தால்கூட முதலாளியிடம் லீவு கேட்டேன் என்றார்.

“எனக்கு மெஷினோட சண்டை கிடையாது ஆச்சி. இந்தச் சொல்லோடதான் சண்டை. பலகையை முன்னால கொடுன்னாலும் தள்ளுதான், ஆளு அங்கன ஒதுங்குன்னாலும் தள்ளுதான். ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சுக்கிட்டு மனுசன் எப்படி மரம் அறுக்க?”

அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிட்டார். (நான் எழுதலாம், எனக்கு அனுமதி உண்டு. அந்தக் கதை பின்னால் வரும்.) பட்டறைக்குள் மட்டுமல்ல, வெளியிலும் அப்படித்தான். பேங்க் கதவில் அந்தச் சொல்லை எழுதி ஒட்டியிருந்தால், உள்ளேயிருந்து யாராவது திறந்துகொண்டு வருகிறவரை வெளியிலேயே நிற்பார். ஆடித் தள்ளுபடிக்கு வேட்டி எடுக்கப் போனவர், கடைக்காரரிடம் “ஆடிப் படி உண்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அவர் நாழி, படி அளக்கிற கடை நாலு கடை தாண்டி இருக்கிறது என்று வழி காட்டிவிட்டார்.

சொல்லை எடுத்தாயிற்று. வேறு சொல் வேண்டுமே. பலகையை முன்னால் கொடுப்பதற்கு “ஓட்டு” என்று வைத்தார். ஒதுங்குவதற்கு “ஒத்து” என்று வைத்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஓட்டும் ஒத்தும் ஒன்றுபோலவே காதில் விழுந்தன. பதினைந்து நாள், பலகை வருகிறது என்று சொல்ல அவர் ஓட்டு என்றால் நான் ஒதுங்கிப் போய் நிற்பேன், பலகை தொப்பென்று கீழே விழும். போதாததற்கு அது தேர்தல் சமயம். உள்ளேயிருந்து ஓட்டு, ஓட்டு என்று சத்தம் வருவதைக் கேட்டு ஒரு கட்சிக்காரர் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார்.

“யாருக்கு அண்ணாச்சி கேக்கீய?”

“பலகைக்குத்தான்.”

அவர் வெளியே போய் டீக்கடையில், இந்தத் தடவை பலகைச் சின்னத்தில் யார் நிற்கிறார்கள் என்று கவலையோடு விசாரித்தாராம்.

அதனால் ஒதுங்குவதற்கு வேறு எதோடும் ஒட்டாத ஒரு சொல்லாகத் தேடினார். ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் காலையில் அறிவித்துவிட்டார். புளியங்குடி. “ஒதுங்குறதுன்னு ஆயிட்டு, அரைகுறையா என்ன ஒதுங்க? புளியங்குடிக்கே போயிரணும்.” அன்றிலிருந்து பலகை கொஞ்சம் முறைத்தால்கூட அவர் “புளியங்குடி” என்பார், நான் சுவரோரம் போய்விடுவேன்.

இதனால் எனக்கு ஆபத்து வந்ததில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத்தான் வந்தது. ஒருநாள் அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்ற ஒரு புளியங்குடிக் குடும்பம், சத்தத்தைக் கேட்டதும் மூட்டை முடிச்சோடு உள்ளே ஓடி வந்துவிட்டது. குடும்பத் தலைவர் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து இடம் பிடித்துவிட்டு, வண்டி எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டார்.

“அந்த நாற்காலியிலயே இருந்தியன்னா, பலகையே கொண்டு போயி விட்டுரும்” என்றார் அண்ணாச்சி.

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. முதலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி அண்ணாச்சிக்குப் பின்னால், ரம்பத்துக்கு நேராக, மின்விசிறிக்கு அடியில் கிடக்கும். பலகை துள்ளினால் நேராக அந்த வழியில்தான் வரும். அண்ணாச்சி ஒருநாளும் அந்த நேரில் நின்று அறுக்க மாட்டார். ஒரு சாண் ஓரமாகத்தான் நிற்பார். “தேர் வரும்போது வடத்துக்கு நேரா நிப்பியளா? பக்கத்துல நின்னுதான கும்பிடுதோம்” என்பார். தினமும் காலையில் வந்ததும் நாற்காலியைத் தூக்கிக் கதவோரம் போடுவார். முதலாளி வந்து அதை மறுபடி காற்றுக்கு அடியில் போடுவார். இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. நாற்காலியின் கால்தான் தேய்ந்தது.

அண்ணாச்சியின் மற்ற சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் பக்கம் வருகிறவர் யாராக இருந்தாலும் வேட்டியை இறுக்கி மடித்துக் கட்ட வேண்டும், துண்டை எடுக்க வேண்டும், நான் முந்தானையைச் செருக வேண்டும். ஒரு பெரிய மனிதர் சரிகைத் துண்டை எடுக்க மாட்டேன் என்று நின்றார். அவர் எடுக்கிறவரை அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பல் குத்தினார். ரம்பத்தின் பல், பலகைக்கு மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு எட்டிப்பார்த்தால் போதும், தலையை நீட்டி ஊரை வேடிக்கை பார்க்கக் கூடாது. பலகைக்கு ஒரு ஓரமாவது நேராக இருக்க வேண்டும், மேஜையில் போட்டால் ஆடக் கூடாது. பலகையை நான் இழுக்கவும் கூடாது. தானாக வரும், பாரத்தை மட்டும் தாங்கு என்பார்.

ரம்பத்தில் கை வைக்க வேண்டியிருந்தால், முதலில் மெயின் பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அது அவர் பையில் இருக்கும்வரை யாரும் மெஷினை ஓட்ட முடியாது. ஒருநாள் அதை மறந்து பையிலேயே போட்டுக்கொண்டு மறுநாள் லீவில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். போய்ப் பார்த்தால் அண்ணாச்சி அருவிக்கு அடியில் கண்ணை மூடி நிற்கிறார். கரையில் வைத்த சட்டையைக் குரங்கு எடுத்துக்கொண்டு போய், பியூஸ் கட்டையைத் தேங்காய்ச் சில்லு என்று நினைத்துக் கம்பி மேல் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைப் பீங்கான்தானே, அதுவும் பாவம் ஏமாந்துவிட்டது. கடைசியில் ஒரு சீப்பு மட்டிப் பழம் கொடுத்துத்தான் மீட்டார்களாம்.

கையால் பலகையைக் கடைசிவரை கொடுக்கக் கூடாது. கடைசி ஒரு சாணுக்கு ஒரு குச்சி வைத்திருப்பார். நுனியில் பலகையைக் கவ்வுகிற மாதிரி வாய் வெட்டியிருக்கும். அதற்குப் பெயர் மாப்பிள்ளை. “ஆபத்தான இடத்துக்கு மாப்பிள்ளைய அனுப்பணும். அவனுக்கு அடிபட்டா வேற ஒண்ணு செஞ்சுக்கிடலாம். விரல அப்படிச் செய்ய முடியுமா?” ரம்பத்தை ஒட்டி என் பக்கம் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கும். அறுபட்ட இரண்டு துண்டும் மறுபடி ஒட்டிக்கொண்டு ரம்பத்தை நெருக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. அதற்குப் பெயர் நாத்தனார். இரண்டு பேரைச் சேரவிடாமல் நடுவில் நிற்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அண்ணாச்சியின் நிஜ மாப்பிள்ளை திருநெல்வேலியில் போலீஸ். ஒருநாள் மாமனாரைப் பார்க்கப் பழக்கூடையோடு வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. “ஆச்சி, இந்த மாப்பிள்ளைக்கு மூஞ்சி தேஞ்சு போச்சு. இனி ஒண்ணுக்கும் ஆவ மாட்டான். தூக்கி அடுப்புல போடு” என்று கத்துகிறார். நான் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறேன். போலீஸ்காரர் தன் முகத்தைத் தடவிப் பார்க்கிறார். மாப்பிள்ளை என்றது இதைத்தான் என்று குச்சியை உயர்த்திக் காட்டினேன். அதை அடிக்க ஓங்குவதாக நினைத்து அவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

இப்படி இருந்த அண்ணாச்சிக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குச் சாரல் சீசனுக்குள் புதுக் கட்டில்கள் வேண்டும் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். மரம் லாட்ஜ்காரர்களே கொடுத்தார்கள். பழைய கட்டடத்தில் பிடுங்கிய கதவும் நிலையும். மழையில் நனைந்து முறுக்கிக் கிடந்தது. உள்ளே ஆணி. அண்ணாச்சி ஒவ்வொரு பலகையையும் காந்தத்தால் தடவி, ஆணி பிடுங்கி, ஓரம் இழைத்து, ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் மேஜையில் ஏற்றுவார். பாதியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். லாட்ஜ் மேனேஜர் மணிக்கு ஒரு தடவை போன் செய்வார். நாத்தனாரைக் கழற்றிப் போட்டுவிட்டு அறுத்தால் வேகமாக ஓடுமே என்று முதலாளி வாரம் முழுக்க முணுமுணுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கெடுவே வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, சனிக்கிழமைக்குள்ள இந்தப் பலகை முடியணும். முடியலன்னா திங்கக்கிழமை மெஷின்ல வேற ஆளு நிப்பான். நீங்க மக வீட்ல போயி ரெஸ்ட் எடுங்க.”

மகள் வீடு என்றால் அந்தப் போலீஸ் குடியிருப்பு, மூன்றாவது மாடி. வீட்டம்மா காலமான பிறகு ஒரு தடவை அங்கே போய் நாலு நாள் இருந்து பார்த்தார். நாலு நாளும் அந்தக் கட்டடத்தில் கிறீச்சிட்ட கதவையெல்லாம் சரிசெய்தார். அஞ்சாம் நாள் செய்ய ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டார். ரெஸ்ட் என்ற சொல் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் முழுக்க அவர் எதற்கும் சட்டம் பேசவில்லை. என் முந்தானை அவிழ்ந்திருந்தது, அதைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டே பலகை மீதி. ஒன்றை மேஜையில் போட்டார். ஆடியது. இன்னொன்றைப் போட்டார். அதுவும் ஆடியது, ஈரம் வேறு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நான் இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒன்றைச் செய்தார். நாத்தனாரைக் கழற்றி, கூடப்பிறந்தவளை வீட்டைவிட்டு அனுப்புகிற மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல் மூலையில் மரத்தூள் குவியலில் போட்டார். போய் ரம்பத்துக்கு நேராக, பலகை துள்ளினால் வருகிற வழியில் நின்றார். மெஷின் ஓடியது.

பலகை பாதி வந்தது. என் பக்கம் விரிந்து நிற்க வேண்டிய வெட்டு, உதடு மாதிரி மெல்ல மூடிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். கருகல் வாடை வந்தது. அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒதுங்கச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை எப்போதும் அவர்தான் சொல்வார், நான் ஒதுங்குவேன். நான் சத்தமாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பு, பு என்று அடுப்பு ஊதுகிற மாதிரி காற்றுதான் வந்தது. அப்புறம் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

“தள்ளு.”

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் முகம் நான் கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பலகை, மேனேஜர், சனிக்கிழமை எல்லாம் மறந்துபோயிற்று. கையை விட்டுவிட்டு, விரலை நீட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி என்னைத் திட்ட வந்தார்.

“ஏட்டி, என்ன சொல்லு சொன்னே நீ?”

மூன்றாவது எட்டு வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பலகை அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் பறந்து போய், முதலாளி நாற்காலியின் முதுகைத் துளைத்துக்கொண்டு சுவரில் இடித்து நின்றது. முதலாளி அந்த நேரம் மேனேஜரின் போனை எடுத்துப் பேச வெளியே போயிருந்தார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். நிதானமாகப் போய் மெஷினை நிறுத்தினார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து விரலை மறுபடி நீட்டினார். “ஆமா, நீ என்ன சொல்லு சொன்னே?”

முதலாளி போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அதன் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் மேனேஜர் அலோ அலோ என்று கத்துவது எனக்கே கேட்டது. முதலாளி போனை அணைத்துவிட்டு மூலைக்குப் போனார். குனிந்து மரத்தூளைக் கிளறி அந்தத் தகட்டை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்தார்.

“இத மாட்டுங்க அண்ணாச்சி. திங்கக்கிழமை மெதுவா அறுங்க. மேனேஜர்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

வேற ஆளைப்பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. கட்டில்கள் மூன்று நாள் தாமதமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சாரலில் நனையாமல் போய்ச் சேர்ந்தன. யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனால் அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. மூன்று நாள் பலகை கொடுத்தார், நான் வாங்கினேன், அவ்வளவுதான். நாலாம் நாள் சாப்பாட்டு வேளையில் தூக்குவாளியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஆச்சி, நெசத்தச் சொல்லு. அன்னைக்கு எந்த அர்த்தத்துல சொன்னே? ஓட்டுங்கதுக்கா, புளியங்குடிங்கதுக்கா?”

நானும் அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். “ரெண்டும் இல்ல அண்ணாச்சி. பயத்துல சொன்னேன்.”

ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்தார். “அப்படி ஒரு அர்த்தம் இருக்கது எனக்குத் தெரியாம போச்சு” என்றார். பிறகு, இனிமேல் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மட்டும் அனுமதி என்றார். வேறு யாருக்கும் கிடையாது, முதலாளிக்கும் கிடையாது.

முழங்கால் வலியால் நான் இப்போது வேலைக்குப் போவதில்லை. என் இடத்தில் உருளை வைத்த ஒரு ஸ்டாண்டு நிற்கிறது. அண்ணாச்சி இன்னும் அறுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தச் சனிக்கிழமையைப்பற்றிச் சண்டை போடுகிறார். பாதி அறுப்பில் கையை விட்டதால்தான் பலகை பறந்தது, கையை விட வைத்தது நான், ஆகவே தப்பு என்னுடையது என்பது அவர் கட்சி. வெட்டு மூடிக்கொண்ட பிறகு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலும் அது வந்திருக்கும், வயிற்றில் வந்திருக்கும் என்பது என் கட்சி. இத்தனை வருஷம் பேசாததற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசுகிறேன்.

மர வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டில் எது சரி என்று விசாரித்து எழுத வேண்டும். நான் சொன்ன விவரங்களில் பிழை இருந்தால் அதையும் திருத்தி எழுதுங்கள். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாகவே எழுதுங்கள். முடிவு தெரிந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவர் எதற்கு வருவார்?